சிகரெட்டை விடுவது எப்படி: பெட்டியை எறிவதற்கு முன் ஆறு வேலை இருக்கிறது

நான் 17 வருடம் புகைத்தவன். விட்டு 9 வருடமாகிறது. அதற்குப் பிறகு கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பதினைந்து பேரளவில் விட முயன்றபோது கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். மச்சான்மார், வேலையிடத்துத் தம்பிமார், எங்கள் ஒழுங்கை முனையில் ஓட்டோ நிறுத்தும் ஒரு அண்ணை, இப்படிப் பலர். சறுக்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே மாதிரித்தான் சறுக்கினார்கள். ஒரு நாள் கோபத்தில் பெட்டியைக் கசக்கி எறிவார்கள், அடுத்த நாள் விடிய என்ன செய்வதென்று தெரியாது, பத்து மணிக்குக் கடை வாசலில் நிற்பார்கள்.

பெட்டியை எறிவது ஏழாவது வேலை. அதற்கு முன் ஆறு இருக்கிறது, அவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்குவதற்கு முன் தேவையானவை

சேர்ட் பொக்கெட்டில் அடங்கும் சின்னக் கொப்பி ஒன்று, பேனை ஒன்று. இரண்டு கிழமை அவகாசம். உங்களிடம் உண்மையைக் கேட்கக்கூடிய ஒரு ஆள். வாய்க்கு வேலை கொடுக்கக் கராம்பு, ஏலக்காய், கச்சான், நெல்லிக்காய், எது பிடிக்குமோ அது. மருந்துக்குக் கொஞ்சக் காசு, அதைச் சிகரெட் காசிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

1948 என்ற இலக்கத்தைப் போனில் பதிந்து வையுங்கள். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் தொலைபேசிச் சேவை அது, விட நினைப்பவர்கள் ஆலோசனை கேட்கலாம்.

சிலர் முதலில் டொக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள். அதோடு ஆஸ்துமாவுக்குத் தியோபிலின், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், மனநோய்க்கு ஓலன்சபைன் அல்லது க்ளோசபைன் எடுப்பவர்கள். புகையிலுள்ள தார்ப் பொருட்கள் ஈரலை வேகமாக வேலை செய்ய வைப்பதால் இந்தக் குளிசைகளில் பல உடம்பில் கெதியாகக் கரைந்துவிடும். புகை நின்றதும் அதே குளிசை கூடுதலாக வேலை செய்யும். ஆகவே அளவை மாற்ற வேண்டி வரலாம், அதற்குத்தான் டொக்டர். இதைச் சாட்டாக வைத்து விடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. காரணத்தை எழுதுங்கள், ஆனால் "புற்றுநோய் வரும்" என்று மட்டும் எழுதாதீர்கள்

புற்றுநோய் பொய் என்பதற்காகச் சொல்லவில்லை. புகையில் 7000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் 70 அளவில் புற்றுநோயைக் கொண்டுவருபவை. விடாமல் தொடர்ந்து புகைப்பவர்களில் பாதிப்பேர் வரை அதனாலேயே சாகிறார்கள். ஆனால் பெட்டியின் 80 வீதத்தை மூடிக்கொண்டு அந்த எச்சரிக்கைப் படம் இத்தனை வருடமாக உங்கள் கண் முன்னே இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்ததை உருவி எடுத்தீர்கள். எப்போதோ வரப்போகிற பயம் மூன்றாம் நாள் பின்னேரம் கை நடுங்கும்போது துணைக்கு வராது. இன்றைக்கே உடம்பில் நடப்பதை எழுதுங்கள்.

கோட்டை ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்சிசனுக்கு இடம் குறைகிறது, இதயம் அதே வேலைக்குக் கூடுதலாக அடிக்கிறது. காலையில் தொண்டையைச் செருமாமல் கதைக்க முடியவில்லையா? சுவாசக் குழாயில் அழுக்கைத் தள்ளிவிடும் நுண்ணிய மயிர்கள் புகையால் அடங்கிக் கிடக்கின்றன, சளி இரவு முழுக்கத் தேங்குகிறது. கல்யாணம் கட்டிய இளம் ஆட்கள் வெளியே சொல்லாத ஒன்றும் இருக்கிறது. புகை சின்ன இரத்தக் குழாய்களைத்தான் முதலில் கெடுக்கும், ஆண்மைக் குறைவுக்கு அது ஒரு முக்கிய காரணம்.

"நான் நாளுக்கு ஒன்றிரண்டுதான்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாளுக்கு 20 பத்துபவருக்கு வரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி, நாளுக்கு ஒன்று மட்டும் பத்துபவருக்கும் வருகிறது. இதயம் சிகரெட்டை எண்ணிப் பார்த்துத் தள்ளுபடி கொடுப்பதில்லை. குறைத்துக்கொண்டால் போதும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

வீட்டையும் எழுதுங்கள். வெள்ளவத்தை மாடிவீடுகளில் பல்கனிக்குப் போய் பத்தினால் புகை வெளியே போய்விடும் என்று நினைக்கிறோம். கடற்காற்று அதைத் திரும்ப ஹோலுக்குள்தான் கொண்டுவரும். பிள்ளைக்கு இழுப்பு, காதுக்குத்து, நெஞ்சுச் சளி அடிக்கடி வருகிறதென்றால் உங்கள் புகைக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

என் கொப்பியில் முதல் பக்கத்தில் இருந்தது ஒரு வரிதான். வேலையால் வந்து மகளைத் தூக்கினேன், அவள் என் தோளில் முகம் வைக்காமல் மூக்கைச் சுருக்கித் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் காட்டியிருந்தால்கூட நான் அந்த அளவுக்கு அசைந்திருக்க மாட்டேன்.

2. ஒரு கிழமை எண்ணுங்கள், குறைக்காதீர்கள்

ஒவ்வொரு சிகரெட்டுக்கும் பத்த முன் ஒரு வரி எழுதுங்கள். நேரம், இடம், யாரோடு, எவ்வளவு தேவைப்பட்டது என்று பத்துக்கு ஒரு புள்ளி. பத்தின பிறகு எழுதினால் புள்ளி பொய்யாகிவிடும், ஏனென்றால் ஆசை அப்போது அடங்கியிருக்கும்.

ஓட்டோ அண்ணையின் கொப்பியில் ஒரு நாள் இப்படி இருந்தது. 5.50, கட்டில் ஓரம், தனிய, 9. 6.30, பிளேன்டீயோடு, 8. 8.10, ஸ்டாண்டில், மற்றவர் நீட்டினார், 2. 9.00, ஆஸ்பத்திரி வாசலில் ஆள் வரும் வரை, 3. 11.20, ட்ராஃபிக், 3. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, 9. இப்படியே இரவு வரை 16. எட்டோ அதற்கு மேலோ புள்ளி போட்டவை நாலே நாலு. மற்றப் பன்னிரண்டும் காத்திருந்ததால், யாரோ நீட்டியதால், கை சும்மா இருந்ததால் பத்தியவை. அதைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

இந்த இரண்டு வகைக்கும் மருந்து வேறு. நாலுக்கும் நிக்கோட்டின் பதிலி (புகை இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் தரும் சூயிங்கம், பிளாஸ்டர் போன்றவை) வேண்டும், பன்னிரண்டுக்கும் இடத்தையோ கையையோ மாற்றினால் போதும். இந்தப் பட்டியல் இல்லாமல் தொடங்குபவர் பதினாறையும் ஒரே பலத்தோடு எதிர்த்து இரண்டாம் நாளே களைத்துப்போகிறார்.

எண்ணத் தொடங்கியவுடனே குறைக்கவும் தொடங்குவதுதான் இங்கே நடக்கும் பிழை. குறைத்தால் உண்மையான பட்டியல் கிடைக்காது. அதோடு, எண்ணிக்கை குறையும்போது ஆட்கள் தெரியாமலே ஒவ்வொன்றையும் ஆழமாக இழுக்கிறார்கள், கடைசித் துண்டு வரை இழுக்கிறார்கள். "லைட்" சிகரெட்டுக்கு மாறுபவர்களுக்கும் இதே கதைதான். பீடிக்கு மாறுவது இன்னும் மோசம், அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், தாரும் காபனோரொட்சைட்டும் கூடுதலாக உள்ளே போகும்.

3. காலையின் முதல் சிகரெட்டின் நேரத்தைப் பாருங்கள்

கொப்பியிலேயே விடை இருக்கிறது. கண் விழித்து 30 நிமிடத்துக்குள் முதலாவதைப் பத்தினால் உடம்பு நிக்கோட்டினில் நன்றாகவே ஊறியிருக்கிறது. நிக்கோட்டின் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பாதியாகக் குறையும். இரவு முழுக்க இறங்கி விடியும்போது அடிமட்டத்தில் நிற்கிறது, அதனால்தான் அந்த முதலாவது அவ்வளவு இனிக்கிறது.

டென்ஷனுக்குத்தான் பத்துகிறேன் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். முந்தின சிகரெட் இறங்கியதால் வந்த படபடப்பை அடுத்த சிகரெட் அடக்குகிறது, மனதுக்கு அது ஆறுதல் போலத் தெரிகிறது. விட்டு ஒன்றிரண்டு மாதம் கடந்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் முன்பை விடக் குறைந்திருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

நேரம் ஏன் தெரிய வேண்டும்? அடுத்த படியில் மருந்தின் அளவைத் தீர்மானிக்க.

4. மருந்தை முன்கூட்டியே வாங்கிச் சரியாகப் பழகுங்கள்

"ஆம்பிளைக்கு மனக்கட்டுப்பாடு போதும்" என்ற கதையை நான் மதிப்பதில்லை. துணை ஒன்றும் இல்லாமல் விடுபவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் வரை நிற்கிறார்கள். நிக்கோட்டின் பதிலி எடுத்தால் அந்த வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. மனக்கட்டுப்பாடு வேண்டும்தான், அதை வீணாகச் செலவழிக்கத் தேவையில்லை.

நிக்கோட்டின்தானே விஷம், அதையே ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அடிமையாக்குவது நிக்கோட்டின், புற்றுநோய்க்கும் நுரையீரல் நாசத்துக்கும் காரணம் புகை. சூயிங்கத்தில் வருவது குறைந்த அளவு, மெதுவாக வருவது. சிகரெட் இழுத்தால் 10 முதல் 20 செக்கனில் மூளைக்குப் போய்விடும், அந்த வேகம்தான் மனிதனைக் கட்டிப்போடுகிறது.

நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு வகை. விழித்து 30 நிமிடத்துக்குள் பத்துபவர் 4, மற்றவர்கள் 2. கொழும்பில் எல்லாப் பார்மசியிலும் இருக்காது, பெரிய பார்மசிகளுக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். நாள் குறித்த பிறகு தேடத் தொடங்கினால் அந்த நாள் வெறுங்கையோடு வந்துவிடும்.

மெல்லும் முறை முக்கியம், நான் பார்த்தவர்களில் பாதிப்பேர் இங்கேதான் பிழை விட்டார்கள். சாதாரண சூயிங்கம் போல மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிவும் வரும், பலன் வராது. மெதுவாக நாலைந்து தடவை மெல்லுங்கள், மிளகு போலக் காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், காரம் அடங்கியதும் திரும்ப மெல்லுங்கள், மறு கன்னத்தில் ஒதுக்குங்கள். ஒன்று அரை மணித்தியாலம் போகும். வாயின் தோல் வழியாகத்தான் அது உள்ளே போகிறது.

மென்றுகொண்டே தேத்தண்ணி, கோப்பி, சோடா, தேசிக்காய்த் தண்ணி குடிக்காதீர்கள், அதற்கு முன் 15 நிமிடமும் வேண்டாம். புளிப்பு வாயில் நிக்கோட்டின் ஏறாது. முதல் ஆறு கிழமை ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று, ஆசை வரும் வரை காத்திருக்காமல். கஞ்சத்தனமாக நாளுக்கு இரண்டு மட்டும் மென்றுவிட்டு "எனக்கு வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் அதிகம்.

தோலில் ஒட்டும் பிளாஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. நாளுக்கு 10க்கு மேல் பத்துபவர்கள் பொதுவாக 21 மில்லிகிராமில் ஆறு கிழமை, பிறகு 14, பிறகு 7 இரண்டிரண்டு கிழமை. தினம் இடத்தை மாற்றி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தோல் சிவக்கும். இரவில் கனவு கூடினால் படுக்க முன் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டரும் சூயிங்கமும் சேர்ந்தால் ஒன்றை மட்டும் எடுப்பதை விட நன்றாக வேலை செய்கிறது.

வரெனிக்கிளின், புப்ரோப்பியன் என்று குளிசைகளும் இருக்கின்றன, அவை டொக்டர் எழுதித் தர வேண்டியவை. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோப்பியன் ஆகாது.

5. நாளைக் குறியுங்கள்

பத்து முதல் பதினாலு நாள் தள்ளி ஒரு நாள். நாளைக்கே என்றால் ஏற்பாட்டுக்கு நேரமில்லை, அடுத்த மாதம் என்றால் மறந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதை விட ஒரே நாளில் நிறுத்துவதே கூடுதலாக நிலைக்கிறது. இரண்டையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் நாலு கிழமை முடிவில் ஒரே நாளில் நிறுத்தியவர்கள் 49 வீதம், படிப்படியாகக் குறைத்தவர்கள் 39 வீதம் நின்றார்கள்.

நான் பௌர்ணமிப் போயா நாளைத்தான் சொல்வேன். லீவு நாள், மதுக்கடை பூட்டியிருக்கும், தண்ணியோடு சேர்ந்து வரும் சிகரெட் அன்றைக்குத் தானாகவே விலகி நிற்கும். கல்யாண வீடு, வருடக் கடைசி, வேலையில் கணக்கு முடிக்கும் கிழமை இவற்றைத் தவிருங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போடும் ஆட்களை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 41 நாள் ஒன்றுகூடப் பத்தாமல் இருக்கிறார்கள். உடம்பிலிருந்து நிக்கோட்டின் சில நாளிலேயே போய்விடுகிறது, கஷ்டமான காலமும் நாலு கிழமையில் முடிந்துவிடுகிறது, ஆக அவர்கள் விட்டே முடித்துவிட்டார்கள். ஆனால் மாலையைக் கழற்றிய அன்றே பத்தவைக்கிறார்கள், ஏனென்றால் மனதில் 42ஆம் நாளுக்கு என்று ஒரு சிகரெட்டை ஆரம்பத்திலேயே எடுத்து வைத்திருந்தார்கள். நோன்பு காலத்தில் பகல் முழுக்கத் தாங்கிவிட்டு நோன்பு திறந்ததும் பத்தும் நண்பர்களுக்கும் இதையே சொன்னேன், உங்களால் முடியும் என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை. விரதத்தில் விடப்போகிறீர்கள் என்றால் 42ஆம் நாள் காலையில் என்ன செய்வீர்கள் என்பதை முதல் நாளே கொப்பியில் எழுதுங்கள்.

6. ஆட்களிடம் சொல்லுங்கள், கடைக்காரரிடம் முதலில்

பெட்டிக்கடைக்காரர் உங்கள் பழக்கத்தை மனைவியை விட நன்றாக அறிந்தவர். நீங்கள் வருவதைக் கண்டதும் கேட்காமலே எடுத்து நீட்டுவார். கடன் கொப்பியில் பாக்கி இருந்தால் முழுக்கக் கட்டித் தீருங்கள், பாக்கி இருக்கும் வரை அந்த வாசலுக்குப் போக ஒரு சாட்டு இருக்கும். ஓட்டோ அண்ணை போய்ச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, போயாவிலிருந்து நான் கேட்டாலும் தராதீங்க. பால்மா, பாண் தவிர வேற ஒண்டும் வேணாம்." கடைக்காரத் தம்பி சிரித்தார், ஆனால் நாலாம் நாள் அண்ணை உண்மையிலேயே கேட்டபோது, "அண்ணே, நீங்கதானே சொன்னீங்க" என்று சொல்லித் தரவில்லை. கடை மனிதர்களில் இப்படி நல்லவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் சொல்லும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். முதல் கிழமை நான் சுள்ளென்று விழுவேன், அது உன் மேல் கோபம் இல்லை. அப்புறம், "இண்டைக்குப் பத்தினீங்களா?" என்று தினமும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி ஆளைக் குற்றவாளியாக்கும், குற்றவாளிக்கு ஒளிக்கத்தான் தோன்றும். ஒளித்துப் பத்தத் தொடங்கினால் உதவி கேட்கும் வாசல் அடைபட்டுவிடும். மனைவிமாருக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம், அவர்கள் பயத்தில் கேட்கிறார்கள். அதனால் கேட்கும் பொறுப்பை வேறு ஒரு ஆளுக்குக் கொடுங்கள், இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன், அவ்வளவு போதும்.

புகைக்கும் கூட்டாளிகளை விடச் சொல்ல வேண்டாம். எனக்கு நீட்டாதே என்று மட்டும் கேளுங்கள்.

7. முந்தின இரவு: இப்போது எறியுங்கள்

மிச்ச சிகரெட்டைத் தண்ணீரில் நனைத்து எறியுங்கள். காய்ந்த சிகரெட்டைக் குப்பை வாளியிலிருந்து எடுத்தவர்களை எனக்குத் தெரியும். "அவசரத்துக்கு ஒன்று" என்று மேசை லாச்சியில் வைப்பதுதான் ஆகப் பெரிய பிழை, அந்த ஒன்று இருக்கும் வரை மனம் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

லைட்டர், சாம்பல் தட்டு, மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் கிடப்பது, பழைய பேக்கின் ஓரப் பொக்கெட், எல்லாவற்றையும் தேடுங்கள். சேர்ட், தலையணை உறை, திரைச்சீலை, ஹெல்மெட்டின் உள்துணி இவற்றைத் துவையுங்கள். மூக்கு இரண்டு நாளில் கூர்மையாகும், அப்போது பழைய வாசம் ஆசையைக் கிளப்பும்.

8. முதல் மூன்று நாள்

இதுதான் உச்சம். படபடப்பு, எரிச்சல், பசி, தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை. மூன்றாம் நாள் வரை ஏறும், பிறகு இறங்கத் தொடங்கும்.

தேத்தண்ணியைப் பாதியாக்குங்கள். இதை ஆட்கள் நம்புவதில்லை. புகை ஈரலை வேகப்படுத்துகிறது என்று மேலே சொன்னேனே, அது தேயிலை, கோப்பியிலுள்ள கஃபீனுக்கும் பொருந்தும். புகை நின்றதும் அதே ஆறு பிளேன்டீயில் இரத்தத்தில் தங்கும் கஃபீன் இரண்டு மடங்காகலாம். கை நடுக்கமும் நித்திரை வராததும் சிகரெட் இல்லாததால் என்று நினைக்கிறோம், பாதி தேத்தண்ணி செய்கிற வேலை. எனக்கு இரண்டாவது முயற்சியில் இது தெரிந்திருந்தால் மூன்றாவது முயற்சி தேவைப்பட்டிருக்காது. கொத்தமல்லி அவித்த தண்ணி, இஞ்சித் தண்ணி, பொல்பலா அவித்த தண்ணி, எதையாவது நடுவில் சேருங்கள்.

ஒவ்வொரு ஆசையும் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், பத்தினாலும் பத்தாவிட்டாலும் இறங்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு வேலை தயாராக இருக்க வேண்டும். சூயிங்கம் ஒன்றை வாயில் போடுங்கள், இடத்தை விட்டு எழும்புங்கள், ஒரு தம்ளர் தண்ணீர் மெதுவாகக் குடியுங்கள், கச்சான் கோதுடைத்துச் சாப்பிடுங்கள். கோதுடைப்பது கைக்கும் வாய்க்கும் ஒரே நேரத்தில் வேலை, காலிமுகத்திடலில் ஒரு சரை வாங்கிக்கொண்டு நடந்தால் ஒரு பின்னேரம் போய்விடும்.

சோற்றுக்குப் பிறகு வரும் ஆசை கடுமையானது. கை கழுவியவுடன் பல் விளக்குங்கள், மேசைக்குத் திரும்பாதீர்கள். பெட்டிக்கடைப் பக்கமாக வேலைக்குப் போகிறவர் ஒரு கிழமைக்கு மறுபக்க நடைபாதையால் போங்கள். அந்த வாசலில் சிகரெட் பத்தவைக்கவென்று தொங்கிக்கொண்டு புகையும் கயிற்றைக் கண்டாலே கை தானாகப் பொக்கெட்டுக்குப் போகும், அது நீங்கள் யோசித்துச் செய்வதில்லை.

முதல் கிழமை மதுவைத் தொடவே வேண்டாம். முடிந்தால் ஒரு மாதம்.

9. இரண்டாம் கிழமையிலிருந்து ஒரு மாதம் வரை

இருமல் கூடும், பயப்படாதீர்கள். அடங்கிக் கிடந்த அந்த நுண்ணிய மயிர்கள் எழும்பிப் பழைய சளியைத் தள்ளுகின்றன. "பத்தும்போது இருமல் இல்லை, விட்டதும் வந்துவிட்டது" என்று திரும்பப் போனவர்கள் இருக்கிறார்கள். மூன்று கிழமைக்கு மேல் குறையாமல் இருந்தால், இரத்தம் வந்தால், குரல் அடைத்தால், மெலிந்தால் அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் காட்டுங்கள்.

வாய்ப்புண் வரும், மலச்சிக்கல் வரும். பப்பாசி, கீரை, நிறையத் தண்ணீர். சில கிழமையில் போய்விடும்.

எடை கூடும், சராசரியாக முதல் வருடத்தில் நாலைந்து கிலோ. சாப்பாட்டு ருசி திரும்பி வருகிறது, கையும் சும்மா இருக்கிறது. அதே நேரத்தில் பட்டினி கிடந்து எடை குறைக்கப் போகாதீர்கள், ஒரே காலத்தில் இரண்டு சண்டை போட்டால் இரண்டிலும் தோற்பீர்கள். நடந்தால் போதும், எடையைப் பிறகு பார்க்கலாம்.

10. வெத்திலைக்கு மாறாதீர்கள்

கொழும்பில் நான் அதிகம் பார்த்த பிழை இது. சிகரெட்டை விட்ட வெறுமைக்கு ஒரு கூறு வெத்திலை, பீடா, வாயில் ஒதுக்கும் புகையிலைப் பக்கெட். புகை இல்லைத்தானே என்று மனம் சமாதானம் சொல்லும். இலங்கை ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காவிட்டாலும் வெறும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள். ஒரு மாமா சிகரெட்டை விட்ட பெருமையோடு மூன்று வருடம் வெத்திலை போட்டார், கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு வந்து வாயை முழுக்கத் திறக்க முடியாமல்தான் டொக்டரிடம் போனார்.

ஈ-சிகரெட்டும் வேண்டாம். இங்கே அதன் விற்பனைக்கே தடை, களவாக வருவதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

11. ஒன்று பத்திவிட்டால்

அந்த ஒன்றோடு அணைத்துவிட்டுக் கொப்பியை எடுங்கள். நேரம், இடம், யாரோடு, என்ன நடந்தது. "எல்லாம் போச்சு" என்று முழுப் பெட்டி வாங்குவதுதான் உண்மையான வீழ்ச்சி, அந்த முதல் ஒன்று இல்லை. நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதில்லை, மருந்தையும் நிறுத்த வேண்டியதில்லை. ஒன்பது மணி ஆளிடம் அன்றைக்கே சொல்லுங்கள், ஒரு இரவு தள்ளினால் சொல்ல வராது.

இரண்டாம், மூன்றாம் முறை முயல்பவருக்கு முதல் முறை எங்கே சறுக்கினோம் என்பது தெரியும். நான் நின்றது மூன்றாவதில்.

12. கிடைப்பதை எண்ணுங்கள், மூன்றாம் மாதத்தில் கவனமாக இருங்கள்

கடைசிச் சிகரெட்டிலிருந்து 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்குகின்றன. ஒரு நாளுக்குள் காபனோரொட்சைட்டு இரத்தத்திலிருந்து போய்விடும். இரண்டு கிழமை முதல் மூன்று மாதத்துக்குள் மேம்பாலப் படியில் வித்தியாசம் தெரியும். ஒரு வருடத்தில் இதய நோய்க்கான கூடுதல் ஆபத்துப் பாதியாகும், பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து பத்துபவரோடு பார்த்தால் பாதிக்கு வரும். பிரித்தானிய டொக்டர்களை 50 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்றில் புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் கிட்டத்தட்ட அந்தப் பத்தையும் திரும்பப் பெற்றார்கள், 40இல் விட்டவர்கள் 9, 50இல் 6, 60இல் 3. "இனி விட்டு என்ன" என்று கேட்கும் அறுபது வயது அப்பாமாருக்கு அந்த மூன்றைச் சொல்லுங்கள், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதைப் பார்க்கும் மூன்று வருடமாக அது இருக்கலாம்.

காசையும் எண்ணுங்கள். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். ஒன்று 150 ரூபா, நாளுக்கு 10 என்று வைத்தால் மாதம் 45,000, வருடம் ஐந்து இலட்சத்து நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு. தினமும் அந்தக் காசைத் தனியே ஒரு டின்னில் போடுங்கள். வங்கிக் கணக்கில் விட்டால் மாதச் செலவோடு கரைந்துபோகும், கண்ணுக்குத் தெரியாது. என் டின் காசில் முதலில் வாங்கியது மகளுக்கு ஒரு சைக்கிள்.

மூன்றாம் மாதம் ஆசை கிட்டத்தட்ட இருக்காது, ஆட்கள் சூயிங்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்குவார்கள். அப்போதுதான் முன்பு பட்டியலில் எழுதாத இடங்கள் வரும், செத்தவீடு, பழைய பள்ளிக்கூடக் கூட்டாளிமார் சந்திப்பு, யாழ்ப்பாணத்துக்கு இரவுப் பஸ். அந்தப் பஸ்ஸை நான் இரண்டு முறை தோற்ற இடம் என்பதால் தனியே சொல்கிறேன். நடு இரவில் சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவார்கள், குளிர் காற்று, தூக்கக் கலக்கம், இறங்கிய ஆண்களில் பாதிப்பேர் டயர் பக்கமாக நின்று பத்துவார்கள், முன்பின் தெரியாத ஒருவர் பெட்டியைத் திறந்து நீட்டுவார். ஏறும்போதே சூயிங்கத்தைச் சேர்ட் பொக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், பேக்கில் இல்லை, அது மேலே ரக்கில் இருக்கும். பஸ் நிற்க 15 நிமிடத்துக்கு முன் ஒன்றை வாயில் போடுங்கள். இறங்கியதும் நேராகக் கடைக்கு உள்ளே போய் இருந்து இடியப்பமோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு, ஹோர்ன் அடித்த பிறகு வெளியே வாருங்கள்.